மிஷினுக்குப் பயந்த டீச்சர்!



உங்கள் வீட்டில் தையல் மிஷின் இருக்கிறதா? காலால் மிதித்து ஓட்டுகிற பழைய மிஷினைச் சொல்கிறேன். கறுப்பு உடம்பு, அதில் தங்க நிறத்தில் பூ வேலைப்பாடு, கீழே பின்னல் பின்னலாக இரும்புக் கால்கள்... அதுவேதான்! பாட்டி வீட்டு மூலையில், மேலே ஒரு பழைய சேலைத் துண்டைப் போட்டு மூடி, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்திருப்பார்களே!

அந்த மிஷினுக்கு நான் ஐம்பது வருடங்களுக்கு மேல் பயந்து கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். 37 வருடங்கள் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். ஒருமுறை வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வந்துவிட்டது. நாற்பது பிள்ளைகளையும் வரிசையாக வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தேன். அப்படிப்பட்ட டீச்சர், 'டக டக டக' என்று தையல் மிஷின் சத்தம் கேட்டால், சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவேன். ஏன் என்று சொல்கிறேன்.

1968ம் ஆண்டு கோடை விடுமுறை. எனக்கு எட்டு வயது. அம்பாசமுத்திரத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தெருவுக்கே ஜாக்கெட், பாவாடை எல்லாம் அத்தைதான் தைத்துக் கொடுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். துணி தானாகவே நகர்ந்து போவது போல இருக்கும். எறும்பு ஊர்வது மாதிரி, பின்னால் தையல் வரிசை வரிசையாக வரும்.

ஒரு நாள் பால் பொங்குகிற வாசனை வந்ததும் அத்தை அடுப்படிக்கு ஓடினாள். நான் முக்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கால் சரியாக எட்டவில்லை. நுனிக்காலால் மிதித்தேன். சக்கரம் சுற்றியது. துணி நகரவில்லையே என்று ஆள்காட்டி விரலால் தள்ளினேன்...

நகத்தின் ஓரமாக ஊசி இறங்கிவிட்டது.

வலித்ததா என்று கேட்கிறீர்களா? முதலில் வலிக்கவே இல்லை. கையை இழுத்தேன், வரவில்லை. என் விரலை மிஷின் பிடித்து வைத்துக்கொண்டது! அதுதான் பயங்கரம். அத்தை ஓடி வந்து, என் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டு, மேல் சக்கரத்தைக் கையால் மெள்ள மெள்ளத் திருப்பி ஊசியை மேலே ஏற்றினாள். பிறகு ஆஸ்பத்திரி. அங்கே ஒரு ஊசி. ஒரே நாளில் இரண்டு ஊசி!

கதை இத்தோடு முடிந்திருந்தால் பயம் கொஞ்ச நாளில் போயிருக்குமோ என்னவோ. மறுநாள் மாமா, "பயத்தை இப்பவே தெளிய வச்சிரணும்" என்று என்னைத் தூக்கிக்கொண்டுபோய் முக்காலியில் உட்கார வைத்தார். கட்டுப் போட்டிருந்த கையைப் பிடித்துத் துணிமேல் வைத்தார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். "இதுக்குப் போயி இவ்வளவு அழுகையா?" என்று எல்லாரும் சிரித்தார்கள். மாமா நல்லவர். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால், அன்றைக்குத்தான் அந்தப் பயம் எனக்குள் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு கையால் தைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொத்தான் தைப்பேன், கிழிசல் தைப்பேன். ஆனால் மிஷின் மட்டும் ஆகாது. 1996ல் அத்தை காலமானார். "உனக்குத்தான் கொடுக்கச் சொன்னா" என்று மாமா அந்த மிஷினையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஹாலில் ஒரு மூலையில் போட்டு, மூடி, அதன்மேல் டி.வி.யை வைத்துவிட்டேன். தையல் தெரியுமா என்று யாராவது கேட்டால், "நேரம் எங்கே இருக்கிறது?" என்பேன். பயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பயத்தை மறைக்க 'நேரமில்லை' என்பதைவிட நல்ல போர்வை கிடையாது!

நம் மூளைக்குள் வாதுமைப் பருப்பு வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, குழந்தைகளே. 'அமிக்டலா' என்று பெயர். வாதுமைக்குக் கிரேக்க மொழியில் உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டு உண்டு. ஆபத்து என்று தெரிந்தால் மணி அடிப்பது இதன் வேலைகளில் ஒன்று. மணி அடித்ததும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், ஓடு ஓடு என்று கால் பரபரக்கும். நெருப்பையும் பாம்பையும் கண்டு நாம் விலகுவதற்கு இந்த மணி வேண்டும். சங்கடம் என்னவென்றால், ஒருமுறை பட்ட காயத்தை அது லேசில் மறக்காது. பயந்த பொருளைவிட்டு நாம் விலகிக்கொண்டே இருந்தால், 'இப்போது ஆபத்தில்லை' என்று கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. எனக்கு வயது ஏறியது. என் மணிக்கு மட்டும் எட்டு வயதாகவே இருந்தது!

2019ம் ஆண்டு ஜனவரி 1ந் தேதி முதல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. பிறகு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. எங்கள் வீட்டுப் பரணில் பழைய வேட்டி, போர்வை என்று மூட்டையே இருந்தது. "நாமே பை தைக்கலாமே, மிஷின்தான் இருக்கே" என்றார் வீட்டுக்காரர். நான் வழக்கம்போல, "நேரம் எங்கே இருக்கிறது?" என்றேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போன கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். மூன்றாம் வகுப்பு. டி.வி. சுவருக்கு மாறிவிட்டதால் மிஷின்மேல் இப்போது பூச்சாடிதான் இருக்கிறது. அவள் துணியை விலக்கி, "ஆச்சி, இது சுத்துமா?" என்று சக்கரத்தில் கையை வைத்தாள்.

"தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் குழந்தை அப்படியே வெலவெலத்துப் போனாள். அழக்கூட இல்லை. அன்றிலிருந்து அவள் ஹாலைக் கடக்கும்போது, அந்த மூலையிலிருந்து விலகி, சுவரை ஒட்டி நடப்பதைப் பார்த்தேன். அவள் விரலில் ஊசி ஏறவில்லை. அவளுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. என்னிடம் இருந்த பயத்தை அப்படியே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, குழந்தைகளே.

மூன்றாம் நாள் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே என் பழைய மாணவி ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள். நான்காம் வகுப்பில் என்னிடம் படித்தவள்.

"வாங்க டீச்சர். ஜாக்கெட் தைக்கணுமா?"

"இல்லம்மா. தைக்கக் கத்துக்கணும்" என்றேன். அதற்குள்ளேயே உள்ளங்கை ஈரமாகிவிட்டது. உள்ளதை எல்லாம் சொல்லிவிட்டேன். விரலில் இருக்கும் வெள்ளைத் தழும்பையும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு மத்தியானம் வாங்க டீச்சர். கடையில கூட்டம் இருக்காது" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் போனதும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? மிஷினில் இருந்த ஒரு சின்னத் திருகைத் தளர்த்தி, ஊசியைக் கழற்றி, என் உள்ளங்கையில் வைத்தாள். "முதல்ல இதை நல்லாப் பார்த்துக்குங்க."

பார்த்தேன். உங்கள் சுண்டு விரல் நீளம்கூட இல்லை. கையால் தைக்கும் ஊசிக்குக் காது மேலே இருக்கும் அல்லவா? இதற்குக் காது கீழே, நுனிப் பக்கத்தில் இருந்தது! இத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. பயந்த பொருளை நாம் எங்கே உற்றுப் பார்க்கிறோம்?

இந்தக் காதுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த எலியாஸ் ஹோவ் என்பவர், நுனியில் காது உள்ள ஊசியையும், கீழே ஓடும் ஷட்டிலையும் சேர்த்து வேலை செய்யும் மிஷினுக்கு 1846ல் காப்புரிமை பெற்றார். 1851ல் ஐசக் சிங்கர் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த சிங்கர் பெயரைத்தான் இன்றும் மிஷின்களில் பார்க்கிறீர்கள். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1830ல், பிரான்ஸ் நாட்டுத் தையல்காரர் பார்த்தெலமி திமோனியே ஒரு மிஷின் செய்துவிட்டார். பாரிஸ் நகரில் அப்படிச் சுமார் 80 மிஷின்களை வைத்து ராணுவ வீரர்களுக்கு உடை தைத்தார்கள். 1831ல் மற்றத் தையல்காரர்கள் கும்பலாகப் புகுந்து அத்தனையையும் உடைத்துப் போட்டார்கள். தங்கள் பிழைப்பைப் பறித்துவிடும் என்ற பயம்! படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தையல் மிஷினைக் கண்டு பயந்தவள் நான் ஒருத்தி மட்டுமில்லை பாருங்கள்.

சரி, கடைக்கு வருவோம்.

மேல் சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் தளர்த்திவிட்டால் சக்கரம் மட்டும் சுற்றும். ஊசி பிடிக்கும் கம்பி அசையாது. பாபினில் நூல் சுற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. மாணவி அந்தக் குமிழைத் தளர்த்தி, "இப்ப மிதிங்க டீச்சர். ஊசியே கிடையாது. இருந்தாலும் இறங்காது" என்றாள்.

மிதித்தேன். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. மறுபடி மிதித்தேன், மறுபடியும் பின்பக்கம்! கால் மிஷினில் முதலில் வலது கையால் மேல் சக்கரத்தை நம் பக்கமாக ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். அது சுற்றத் தொடங்கியதும் கால் அதோடு சேர்ந்துகொள்ள வேண்டும். ஊஞ்சல் ஆடுவது மாதிரிதான். தப்பாகச் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துவிடும். ஒரு வாரம் முழுக்க இதுதான் எனக்குப் பாடம். அந்த 'டக டக' சத்தம் என் காலிலிருந்தே வந்ததால், நாலைந்து நாளில் அது பழகிப்போன சத்தமாகிவிட்டது.

எட்டாம் நாள் ஊசியை மாட்டினாள். நூல் இல்லை. துணியும் இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை வைத்து, "கோட்டு மேலேயே ஓட்டுங்க" என்றாள். தாளில் ஓட்டினால் ஊசி மழுங்கும். அதனால் இதற்கென்றே ஒரு பழைய ஊசி வைத்திருக்கிறாள்.

ஊசியைப் பார்த்ததுமே என் கை மேஜையைவிட்டு மேலே வர மறுத்தது. நெஞ்சு அடித்த அடி வெளியே கேட்டிருக்கும். அவள் என் கையைப் பிடித்து வைப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, ஒரு சட்டைக்குக் காஜா எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்களா வைக்கிறப்ப வைங்க டீச்சர். நான் தொடமாட்டேன். அவசரமில்லை."

கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்: "நாலாப்புல நீங்க கணக்குப் போடப் போர்டுக்குக் கூப்பிடுவீங்கள்ல... எனக்கும் இப்படித்தான் டீச்சர் கை வராது."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஒல்லியாக, ரெட்டைச் சடையோடு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளை. நோட்டில் கணக்கைச் சரியாகப் போடுவாள். போர்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். ஒருநாள் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, சாக்பீஸைக் கையில் திணித்து, "போர்டு என்ன கடிச்சா தின்னுரும்?" என்றேன். வகுப்பே சிரித்தது. மாமா எனக்குச் செய்ததை, ஒரு எழுத்துக்கூட மாறாமல் நான் அவளுக்குச் செய்திருக்கிறேன்!

"அப்புறம் எப்படிம்மா பயம் போச்சு?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல போகலை டீச்சர். கடை வச்ச பிறகு, துணி மேலே சாக்கட்டியால கோடு போட்டுப் போட்டுத்தான் போச்சு" என்று சொல்லிச் சிரித்தாள்.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். "ஐயய்யோ, என்ன டீச்சர்!" என்று பதறிப்போய் எழுந்துவிட்டாள். அவள் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், நான் கையை எடுத்துத் தாளின்மேல் வைத்தேன்.

எப்படி வைக்க வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்கு நேராக விரல் போகவே கூடாது. இரண்டு கைகளையும் தட்டையாக விரித்து, ஊசிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். துணியைத் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். ஊசிக்குக் கீழே பல் பல்லாக ஒரு தகடு இருக்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் அது மேலே வந்து துணியை ஒரு எட்டு நகர்த்திவிட்டு உள்ளே போய்விடும். மேலேயிருந்து ஒரு குட்டிக் கால் துணியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அன்று அத்தை வீட்டில் துணி ஏன் நகரவில்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது. அந்தக் குட்டிக் காலை நான் இறக்கியே விடவில்லை! ஐம்பது வருடமாக மிஷின் என்னைக் கடித்தது என்று நினைத்துக் கொண்டிருந்தேன். ஒரு நெம்புகோலை இறக்க மறந்ததுதான் விஷயம்.

தாளில் நான் ஓட்டிய முதல் வரிசை கோட்டின்மேல் போகவே இல்லை. மழைக்கால மண்புழு மாதிரி வளைந்து வளைந்து போனது. அதை மடித்துப் பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பிறகு நூல். மேல் நூல் ஊசிக் காது வழியாகக் கீழே போகும். ஊசி சற்றே மேலே எழும்பும்போது, அந்த நூல் ஒரு சின்ன வளையம் போடும். கீழே காத்திருக்கும் ஷட்டிலின் மூக்கு 'லபக்'கென்று அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் நூலைச் சுற்றிக் கொண்டுவந்துவிடும். மேலே ஒரு கம்பி நூலை இழுத்து முடிச்சை இறுக்கும். ஒரு தையல் ஆயிற்று! மேல் நூலும் கீழ் நூலும் கைகோத்துக் கொள்வதால்தான், ஒரு இடத்தில் அறுந்தாலும் முழுத் தையலும் உருவிக்கொண்டு வருவதில்லை. இதைப் பார்ப்பதற்காகவே, காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பித் திருப்பி ஒவ்வொரு தையலாகப் போட்டேன். அத்தையும் அன்று இப்படித்தானே மெள்ளத் திருப்பினாள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

நூல் கோக்கும்போதும் ஊசி மாற்றும்போதும் கால் மிதியில் இருக்கக் கூடாது. மின்சார மிஷின் என்றால் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் மிஷினில் உட்காரவே கூடாது. எட்டு வயதில் நான் செய்ததைச் செய்யாதீர்கள்!

ஒரு மாதம் கழித்து வீட்டு மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டினோம். பழைய போர்வையில் 36 அங்குல நீளம், 15 அங்குல அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். அகலப் பக்க விளிம்புகள் இரண்டையும் முதலில் மடித்துத் தைக்க வேண்டும். அதுதான் பையின் வாய். பிறகு நீளத்தில் பாதியாக மடித்து, இரண்டு பக்கமும் ஓட்டிவிட்டால் பை தயார். கைப்பிடிக்கு 18 அங்குல நீளத்தில் இரண்டு பட்டை. பட்டையைப் பையோடு சேர்க்கும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே இரண்டு கோடு ஓட்ட வேண்டும். ஐந்து கிலோ அரிசி போட்டாலும் பிய்ந்து வராது. என் முதல் பையில் ஒரு கைப்பிடி நீளம், இன்னொன்று குட்டை. வீட்டுக்காரர் அதைத்தான் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

மாணவிக்கும் ஒரு பை தைத்துக் கொடுத்தேன். தைத்த விதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல நூலை வெட்டலையே டீச்சர்" என்று கத்தரிக்கோலை நீட்டினாள்.

பேத்தி காலாண்டு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நான் தைக்கும்போது முதல் நாள் அறை வாசலில் நின்று பார்த்தாள். "அன்னைக்கு உன்னைச் சத்தம் போட்டேன்ல, ஆச்சிக்குத்தான் மிஷின்னா பயம். உன் மேல தப்பில்லை" என்று சொல்லி, என் தழும்பைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். இரண்டாம் நாள் கட்டில் வரை வந்து உட்கார்ந்தாள். நேற்று, நான் கழற்றி வைத்திருந்த பழைய ஊசியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "ஆச்சி, இதுக்குக் காது கீழே இருக்கு!" என்றாள்.

இன்றைக்குக் கோடு போட்ட நோட்டு ஒன்றை மிஷின்மேல் வைத்திருக்கிறேன். நான் கூப்பிடப் போவதில்லை.